மேல்சபைக்கும் கீழ்ச்சபைக்கும் ஓடிய அணில்

அந்தக் காலத்தில் விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் பேச்சு வரும். பேச்சு வந்தால் சபையும் வந்துவிடும் அல்லவா? குளக்கரை மருதமரத்தின் அடியில் நாலுகால்காரர்களின் கீழ்ச்சபை. கிளைகளில் சிறகுக்காரர்களின் மேல்சபை. இரண்டும் ஒப்புக்கொண்ட பிறகு யானை ஈரமண்ணில் காலைப் பதித்தால்தான் சட்டம்.

ஒரு கோடையில் காடு முழுக்க வற்றி, அந்தக் குளம் மட்டுமே மிஞ்சியது. குடிக்கப் போன பலர் திரும்பவில்லை. மரப்பொந்தில் குட்டியோடு இருந்த கீச்சி என்ற அணில் துணிந்து கீழ்ச்சபையில் எழுந்தாள்.

"தண்ணி குடிக்க வர்றவங்களை யாரும் பிடிக்கக் கூடாதுன்னு சட்டம் போடுங்க."

நரி முகம் சுளித்தது. கீரி குறுக்கே பேசியது. முயல்களின் கூச்சலில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்கவில்லை. கடைசியில் புலி, "போடுங்கப்பா. நான் போனாலே எல்லாரும் தெறிச்சு ஓடித் தண்ணியைக் கலக்கிடுறீங்க," என்றது. மசோதா நிறைவேறியது.

கீச்சிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மேல்சபையை அடியோடு மறந்துவிட்டாள். குட்டியை நேரே குளத்துக்கு அழைத்துப்போய், "பயப்படாம குடி கண்ணு, சட்டம் வந்தாச்சு!" என்றாள்.

குட்டி வாய் வைத்ததுதான் தாமதம், கழுகு அதைத் தூக்கிக்கொண்டு மருதமரக் கிளையில் போய் உட்கார்ந்தது.

"ஐயோ அண்ணே, சட்டம்!" கீச்சி அலறியபடி மரமேறினாள்.

"எந்தச் சட்டம்? எங்க சபையில யாரும் ஒரு வார்த்தை சொல்லலையே! சரி, இப்பச் சொல்லு. சபை முடிவு பண்ணட்டும். அதுவரைக்கும் பிள்ளை என் காலடியில இருக்கட்டும்."

கீச்சி மசோதாவை எடுத்துச் சொன்னாள். எல்லோரும் தலையாட்ட, மீன்கொத்தி மட்டும் கேட்டது: "அப்ப நான் பட்டினியா? மீன் நீங்கலாகன்னு சேருங்க."

சேர்த்தார்கள். மாற்றத்தைக் கீழ்ச்சபையும் ஏற்க வேண்டுமே! வால் கீழாகத் திரும்பி மெல்ல இறங்கப் பொறுமையில்லாமல் கீச்சி தலைகீழாகவே ஓடினாள்.

"மீன் எங்க குடிக்க வருது? அது அங்கேயே குடியிருக்கு," என்று நீர்நாய் சிரித்தது. சபையும் சிரித்து ஒப்புக்கொண்டது. யானை காலைப் பதித்தது. கீச்சி மறுபடி மேலே பறந்தாள்.

கழுகு உடனே நகத்தை எடுத்தது. "சட்டம்னா சட்டம். கூட்டிட்டுப் போம்மா."

"அம்மா, இன்னும் தாகம் தீரலை," என்றது குட்டி.

கீச்சி அழுதுகொண்டே சிரித்தாள். கழுகும் கூடவே இறங்கி வர, மூவரும் ஒரே கரையில் தண்ணீர் குடித்தார்கள்.

அன்று முதல்தான் அணில் மரத்தில் தலைகீழாக இறங்குகிறது. பாதியில் நின்று மேலே பார்த்து ஒரு கீச்சு, கீழே பார்த்து ஒரு கீச்சு. இரண்டு பக்கமும் சொல்லாமல் தன் பிள்ளையை அது தரையில் விடுவதே இல்லை.