நிழல் காட்டிய குத்துக்கல்

குளத்தில் யார் எப்போது தண்ணீர் குடிக்கலாம் என்று ஒரு கல் சொல்லுமா? இலுப்பைக் காட்டில் சொன்னது!

அந்தக் குளக்கரையில் ஒரு குத்துக்கல் நெடுநெடுவென்று நின்றது. எந்தக் காலத்து மனிதர்கள் நட்டார்களோ! அதன் நிழல் பாறையைத் தொட்டால் யானைகளின் முறை. இலுப்பை வேரைத் தொட்டால் பன்றிகளின் முறை. கடைசியாகப் புற்றைத் தொட்டால்தான் முயல்களின் முறை. முயலம்மா தன் மூன்று குட்டிகளோடு தினமும் புற்றோரம் நிழலையே பார்த்துக் காத்திருப்பாள்.

ஒருநாள் நரி காட்டுப்பன்றியின் காதைக் கடித்தது.

“மாமா, இவ்வளவு பெரிய கல்லைச் சும்மாவா நட்டிருப்பாங்க? அடியில புதையல் இருக்கு! பானை பானையா கிழங்கு!”

பன்றிக்கு வாயூறியது. மூக்கால் மண்ணைக் கிளறத் தொடங்கியது.

முயலம்மா பதறி ஓடிவந்தாள். “எந்தக் காலத்துக் கிழங்கு அண்ணே, இன்னுமா அழுகாம இருக்கும்? கல்லு விழுந்தா நிழல் போயிடும். நிழல் போனா முறை போயிடும். என் குட்டிகளுக்குத் தண்ணி கிடைக்காது!”

“போ புள்ளே! நிழலையா குடிக்கப்போறே?”

தொம்! கல் சாய்ந்தது. குழிக்குள் இருந்ததோ நாலு ஓட்டாஞ்சில்லு.

“எனக்கு வேற வேலை இருக்கு மாமா!” நரி நழுவிவிட்டது.

மறுநாள் நிழலைக் காணோம். எல்லாரும் ஒரே நேரத்தில் குளத்தில் இறங்கினார்கள். தள்ளுமுள்ளு! தண்ணீர் சேறாகிவிட்டது. யானையின் காலிடுக்கில் மாட்டிய பன்றி, “ஐயோ, நசுங்கினேன்!” என்று அலறியது. முயல்குட்டிகளுக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூட இல்லை.

முயலம்மா விழுந்து கிடந்த கல்லின்மேல் தாவி ஏறினாள். “முதல்ல கல்லை நிறுத்துங்க! அப்புறம் சண்டை போடலாம்!”

பன்றி குழியை ஆழமாக்கியது. யானை கல்லைத் தூக்கியது. எப்படி நிறுத்துவது? முதலில் குடித்துவிட்டுப் போனவர்கள் யாரும் நிழலைச் சரியாகக் கவனித்ததே இல்லை. சூரியன் எங்கே நிற்கும்போது நிழல் எதைத் தொடும் என்ற அளவு, கடைசிவரை காத்திருந்த முயலம்மாவுக்குத்தான் தெரியும்.

“இன்னும் கொஞ்சம் கிழக்கே... போதும் யானையண்ணே! புற்றைத் தொட்டுடுச்சு!”

சேறு அடங்கியது. குட்டிகள் வயிறு முட்டக் குடித்தன. பன்றி வெட்கத்தோடு கல்லைச் சுற்றி முள்வேலி போட்டது. அன்றிலிருந்து காவலும் அதுதான்.

முன்னோர் நட்டுவைத்ததன் அருமையை விழுந்தபின் அறிவதைவிட, நிற்கும்போதே காப்பதுதான் அறிவு.

வேலியோரம் நின்ற பன்றி மெல்லக் கூப்பிட்டது: “தங்கச்சி, நான் கிழங்கு தோண்டின கதையை மட்டும் என் குட்டிங்க காதுல போட்டுடாதே!”