ஓநாய் கேட்ட சுனை

கிரேக்க நாட்டில், கடலைப் பார்த்தபடி நின்ற ஒரு மலையின் சரிவில், ஆலிவ் மரங்கள் அடர்ந்த காடு ஒன்று இருந்தது, குழந்தைகளே. அங்கே பிலின்னா என்றொரு ஆமை வாழ்ந்தது. நடையில் மெதுவானது, ஆனால் பிடித்த பிடியை விடாது.

மலையடிவாரத்து நகரத்தில் மனிதர்கள் தங்கள் வழக்குகளைச் சபை கூட்டிப் பேசித் தீர்த்துக்கொள்வார்கள். அடியில் துளையிட்ட பானையில் நீர் நிரப்பி வைப்பார்கள். அந்த நீர் வடிந்து முடியும் வரை ஒருவர் பேசலாம். முடிந்ததும் அடுத்தவர். பிறகு எல்லோரும் ஆளுக்கொரு கூழாங்கல்லை ஜாடியில் போடுவார்கள். வெள்ளைக் கல் என்றால் சம்மதம். கறுப்புக் கல் என்றால் மறுப்பு.

இந்த ஏற்பாடு காட்டு விலங்குகளுக்குப் பிடித்துப்போயிற்று. “பல் கூர்மையானவன் வெல்வதைவிட இது எவ்வளவோ மேல்” என்று அவையும் ஒரு பழைய பானையைக் கொண்டுவந்து தாழ்ந்த கிளையில் கட்டின, பக்கத்தில் ஒரு ஜாடியும் வைத்தன. நாரையைச் சபைத் தலைவராக வைத்துக்கொண்டன.

அந்த ஆண்டு கோடை கொளுத்தியது. ஓடைகள் வற்றின. மலையின் இந்தப் பக்கத்தில், பாறை இடுக்கில் ஒரே ஒரு சுனைதான் ஊறிக்கொண்டிருந்தது. விலங்குகள் அங்கே நீர் குடிக்கக் கூடியிருந்தபோது ஓநாய் நாரையிடம் வந்தது.

“சுனையை என் பொறுப்பில் விடுங்கள். நான் காவல் காக்கிறேன்” என்றது.

“நாளைக்குச் சபையில் பேசு. எதிர்த்துப் பேச யாராவது இருக்கிறீர்களா?” என்று நாரை கேட்டது.

“நான் பேசுகிறேன்” என்றது பிலின்னா.

முயல் பதறிப்போய் அதன் அருகே ஓடி வந்தது. “அக்கா, உங்களுக்கு ஏன் இந்த வேலை? ஓநாய்க்காகப் பேசப்போவது கெர்டோன் நரி. நகரத்துச் சந்தையில் பேச்சுக்கலை சொல்லித் தரும் ஆசிரியர்கள் இருக்கிறார்களே, அவர்களிடம் தூணுக்குப் பின்னால் ஒளிந்து ஒட்டுக்கேட்டே வளர்ந்தவன். நெருப்பு குளிரும் என்று சொல்லி நம்மைத் தொடவைத்துவிடுவான். பேசாமல் மலைக்கு அந்தப் பக்கத்து ஊற்றுக்குப் போய்விடலாம்.”

“உனக்கு அது அரை நாள் ஓட்டம், தம்பி. நான் போய்ச் சேருவதற்குள் கோடையே முடிந்துவிடும். நான் இங்கேதான் குடித்தாக வேண்டும். ஆகவே இங்கேதான் பேசியாக வேண்டும்” என்றது பிலின்னா.

அன்று முழுவதும் அது தன் பேச்சைத் தனக்குத்தானே சொல்லிச் சொல்லிப் பார்த்தது. சுனையை யாரும் வெட்டவில்லை, மழையும் பாறையும் தந்தது என்று தொடங்கும் நீண்ட பேச்சு. ஒவ்வொரு சொல்லையும் மனத்தில் ஏற்றிக்கொண்டது.

மறுநாள் சபை கூடியது. பானை நிரம்பியது. கெர்டோன் வாலைச் சுழற்றிக்கொண்டு முன்னால் வந்தது.

“நண்பர்களே! சுனை என்பது என்ன? காட்டின் உயிர்! உயிரைக் காவலில்லாமல் விடுவோமா? பெற்ற தாய் பிள்ளையைத் தெருவில் விடுவாளா? கூர்மையான கண், களைக்காத கால், அஞ்சாத நெஞ்சு. இவை மூன்றும் உள்ளவர் நம்மில் யார்?”

எல்லாக் கண்களும் ஓநாயின் பக்கம் திரும்பின. காட்டாடு கண்களைத் துடைத்துக்கொண்டது. கழுதை “ஆகா! ஆகா!” என்றது. பானை வடிந்து முடியும் வரை நரி விடாமல் பேசியது.

“அடுத்தது பிலின்னா” என்றது நாரை.

“அக்காவுக்குக் கிளை எட்டாது. நானே பானையை நிரப்பித் தருகிறேன்” என்று கெர்டோன் குழைந்தது. சுரைக்குடுவையைச் சாய்த்தது. இரண்டு மடக்கு நீர் மட்டும் விழுந்தது. மண்பானை ஆயிற்றே, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

பிலின்னா முன்னால் வந்து பானைக்கு அடியில் நின்றது. “நண்பர்களே, இந்தச் சுனையை யாரும் வெட்டவில்லை. மழையும் பாறையும்…”

அதற்குள் அதன் ஓட்டின்மேல் தெறித்துக்கொண்டிருந்த நீர், இழை அறுந்து சொட்டுச் சொட்டாயிற்று. பிலின்னா நிமிர்ந்து நரியைப் பார்த்தது. நரி வேறெங்கோ பார்த்துக்கொண்டு சிரித்தது.

பிலின்னாவுக்கு ஆத்திரம் பொங்கியது. ‘நரி ஏமாற்றிவிட்டது என்று கத்தலாம். ஆனால் கத்தி முடிப்பதற்குள் மிச்சமும் வடிந்துவிடும். சுனை போய்விடும்.’

பாடுபட்டு மனத்தில் ஏற்றிய பேச்சை அது அந்த நொடியே கைவிட்டது.

“ஒரே ஒரு கேள்வி. ஓநாய் சுனையைக் காக்கும் என்கிறீர்கள். யாரிடமிருந்து?”

கடைசிச் சொட்டு விழுந்தது.

விலங்குகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. “ஆமாம், யாரிடமிருந்து?” என்றது முயல். “யாரிடமிருந்து?” என்றது காட்டாடு.

“எதிரிகளிடமிருந்துதான்!” என்று நரி குறுக்கே பாய்ந்தது.

“உன் நேரம் முடிந்துவிட்டது, கெர்டோன். ஓநாயே சொல்லட்டும்” என்றது நாரை.

நரி கண்ணைக் காட்டியது, தலையை ஆட்டியது. ஓநாய் அதைக் கவனிக்கவில்லை. இத்தனை நேரம் சும்மா உட்கார்ந்திருந்த எரிச்சல் அதற்கு.

“இதென்ன கேள்வி? கேட்காமல் கொள்ளாமல் வந்து குடிக்கிறவர்களிடமிருந்துதான்! இனி என்னைக் கேட்காமல் யார் வாய் வைக்கிறீர்கள் என்று பார்க்கிறேன்!” என்று உறுமியது.

“கேட்காமல் குடிக்கிறவர்கள் நாம்தானே?” என்றது கழுதை.

விலங்குகள் வரிசையாக வந்து ஜாடியில் கல்லைப் போட்டன. நாரை ஜாடியைக் கவிழ்த்தது. கறுப்புக் கற்கள் குவிந்தன. நடுவே இரண்டே இரண்டு வெள்ளைக் கற்கள்.

ஓநாய் பல்லைக் கடித்தது. ஆனால் காட்டாடுகள் கொம்பைத் தாழ்த்தி அணிவகுத்து நிற்பதைக் கண்டதும், அதன் கோபம் நரியின் பக்கம் திரும்பியது.

“அவ்வளவு நேரம் பேசினாயே! அந்த ஒரு கேள்விக்கு ஒரு பதிலைச் சொல்லித் தந்தாயா?”

கெர்டோன் பதில் சொல்ல நிற்கவில்லை. வாலைச் சுருட்டிக்கொண்டு மலைச்சரிவில் தலைதெறிக்க ஓடியது. ஓநாய் பின்னாலேயே துரத்தியது.

பிலின்னா சுனையை நோக்கி நடந்தது. மெதுவாகத்தான், ஆனால் யாரிடமும் கேட்காமல்.

நீதி: உன்னைக் காப்பதாக ஒருவர் சொன்னால், யாரிடமிருந்து என்று கேட்ட பிறகே தலையசைக்க வேண்டும்.