பாதி ஆற்றில் நின்ற செய்தி

ஒரு காட்டில் அகன்ற ஆறு ஒன்று ஓடியது. அன்று அங்கே இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன், குழந்தைகளே. கிழக்குக் கரையில் ஒரு நரி, மூன்று மரங்கொத்திகள், ஒரு தாய்மான், ஒரு குரங்கு, ஒரு முள்ளம்பன்றி. மேற்குக் கரையில் ஒரு மயில், மூன்று கரிச்சான்கள், ஒரு பெரியம்மா மான், ஒரு மான்குட்டி. ஆற்றின் நடுவே ஒரு மரம். அதில் ஒரு மரங்கொத்தியும் ஒரு கரிச்சானும். தண்ணீருக்குள் ஒரு முதலை. ஆக மொத்தம் பதினாறு பேர். மீன்களும் இருந்தன. அவை நின்ற இடத்தில் நிற்காததால் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை.

கிழக்குக் கரையில் செய்தி அனுப்பும் தொழில் நரியுடையது. மரத்துக்கு ஒரு மரங்கொத்தியாக உட்கார வைத்திருந்தது. ஒன்று "டொக், டொக்டொக்" என்று தட்டினால், அடுத்த மரத்தில் இருப்பது கேட்டு அப்படியே தட்டும். மலையடியில் சொன்ன சொல் கண்மூடித் திறப்பதற்குள் ஆற்றங்கரைக்கு வந்துவிடும். ஒரு செய்திக்கு ஓர் அத்திப்பழம்.

மேற்குக் கரையில் அதே தொழில் மயிலுடையது. அங்கே தட்டு இல்லை, சீழ்க்கை. மரத்துக்கு ஓர் இரட்டைவால் கரிச்சான் உட்கார்ந்து, கேட்டதைக் கேட்டபடி ஊதி அனுப்பும். அங்கும் ஒரு செய்திக்கு ஓர் அத்திப்பழம்தான்.

ஆற்றின் நடுத்திட்டில் நின்றது ஒரு பட்டுப்போன மருதமரம். தன் வழி ஆறு வரை நீள்கிறது என்று காட்டிக்கொள்வதற்காக, நரியும் மயிலும் ஆளுக்கொரு பறவையை அதில் வைத்திருந்தன. நரி வைத்த மரங்கொத்தியின் பெயர் செங்கொண்டை. மயில் வைத்த கரிச்சானின் பெயர் கவைவால்.

இரண்டுக்கும் ஒரே கட்டளைதான். "எதிர்க்கரைச் செய்தி ஒன்றுகூட எல்லை தாண்டக் கூடாது."

"மயிலின் வழியில் குறை இருந்தால்தானே அதன் ஆட்கள் என்னிடம் வருவார்கள்?" என்று நரி நினைத்தது. மயிலும் அப்படியே நினைத்தது. யாரும் வரவில்லை. அவரவர் குகையும் புதரும் அவரவர் கரையில் இருக்கும்போது எப்படி வருவார்கள்?

யாராவது கேட்டால், "தட்டு வேறு, சீழ்க்கை வேறு. இரண்டும் ஒட்டாது" என்று நரியும் மயிலும் சொல்லிவிடும்.

அது பொய். ஐந்து மழைக்காலம் ஒரே கிளையில் உட்கார்ந்ததில், செங்கொண்டைக்குச் சீழ்க்கை முழுவதும் தெரியும். கவைவாலுக்குத் தட்டு முழுவதும் தெரியும். தெரியாதது போல இருப்பதுதான் அவற்றுக்குப் பெரிய வேலை.

அன்று காலையில் மான்குட்டி தன் பெரியம்மாவோடு துறையைக் கடந்து மேற்குக் கரைக்கு மேயப் போயிருந்தது. பொழுது சாயும்போது அதே துறையில் இறங்கித் திரும்புவதாகப் பேச்சு.

உச்சி வெயிலில் தாய்மான் தண்ணீர் குடிக்க வந்தது. துறையில் நேற்று இல்லாத ஒரு கட்டை கிடந்தது. கட்டைக்குக் கண் இருந்தது. கீழ்மடுவில் கிடக்கும் முதலை துறைக்கே இடம் மாறி வந்திருந்தது!

தாய்மான் நரியிடம் ஓடியது. அங்கே குரங்கும் முள்ளம்பன்றியும் செய்தி அனுப்ப நின்றுகொண்டிருந்தன.

"நரி ஐயா, துறையில் முதலை கிடக்கிறது. என் குட்டி அக்கரையில் இருக்கிறது. உடனே செய்தி அனுப்ப வேண்டும்."

"தாராளமாக அனுப்பலாம் அம்மா. ஒரு பழம் வை. நடுமரம் வரைக்கும் என் பொறுப்பு."

"அதற்கு அப்பால்?"

"அதற்கு அப்பால் என் எல்லை இல்லை."

"பாதி ஆற்றில் நிற்கும் செய்தியை வைத்து நான் என்ன செய்வது?"

"நீயே அக்கரைக்குப் போய் மயிலிடம் ஒரு பழம் கொடுத்தால் மீதி வழியும் போகும்."

"துறையில்தான் முதலை கிடக்கிறதே ஐயா!"

"அது முதலையின் குற்றம். என் தொழிலில் குற்றமில்லை" என்றது நரி.

"பாதி வழிக்கு முழுப் பழம்! நல்ல கணக்கு, நரி மாமா!" என்று குரங்கு பல்லைக் காட்டியது.

தாய்மானுக்கு வேறு வழி தெரியவில்லை. பழத்தை வைத்துச் செய்தியைச் சொன்னது: "துறையில் முதலை. இன்று இறங்காதீர்கள். நாளை மேட்டுப்பாறை வழியாக வாருங்கள்."

டொக், டொக்டொக். செய்தி மூன்று மரம் தாண்டி நடுமரத்துக்கு வந்து நின்றது.

செங்கொண்டை கேட்டது. வெயில் சாய்வதைப் பார்த்தது. பிறகு தான் உட்கார்ந்திருந்த கிளையைப் பார்த்துப் பேசியது.

"கிளையே, உன்னிடம் மட்டும் சொல்கிறேன். வேறு யாரிடமும் சொல்லவில்லை. துறையில் முதலை கிடக்கிறதாம். அக்கரைக்கு மேயப் போன மான்குட்டி பொழுது சாயும்போது அங்கேதான் இறங்குமாம்."

கவைவால் திரும்பிப் பார்க்கவில்லை. தன் வாலைப் பார்த்துச் சொன்னது. "வாலே, இங்கே யாரோ மகளுக்குச் சொல்வது போல மருமகளுக்குச் சொல்கிறார்கள். இறக்கை உள்ளவர்கள் தாங்களே பறந்து போய்ச் சொன்னால் என்ன?"

"கிளையே, மேற்குக் காடு பெரிய காடு. குட்டி எந்தப் புல்வெளியில் நிற்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? கரிச்சான்களுக்குத்தான் தெரியும்."

"வாலே, இதை நான் ஊதினால் மயில் உன்னைப் பிடுங்கிவிடும். உன்னிடம் இருப்பதே இரண்டு கீற்று."

"கிளையே, குட்டியிடம் இருப்பது ஒரே ஓர் உயிர்."

கவைவால் தன் வாலை ஒருமுறை அசைத்துப் பார்த்தது. பிறகு, "வாலே, காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்வது கரிச்சானின் பிறவிக் குணம். குணத்துக்கு யார் தண்டனை தர முடியும்?" என்று சொல்லிவிட்டு, நீளமாக ஊதியது.

மேற்குக் கரை வேம்பில் இருந்த கரிச்சான் அதை வாங்கி ஊத வாய் திறந்தது. வேம்பின் அடியில் தோகையைக் கோதிக்கொண்டிருந்த மயில் தலையை நிமிர்த்தியது.

"நிறுத்து! இது யார் வீட்டுச் செய்தி?"

"கிழக்குக் கரைத் தாய்மானின் செய்தி ஐயா."

"நரி அனுப்பியதா? என் வழியில் அதன் சரக்கா? ஒரு சொல் தாண்டக் கூடாது! அந்த ஓசிப் பல்லனைக் கேள், என் வழியில் ஏற உனக்கு யார் இடம் கொடுத்தது என்று!"

ஆறு அகலம். நீரின் இரைச்சலில் கரைக்குக் கரை குரல் எட்டாது. ஆகையால் மயிலின் வசவு வேம்பிலிருந்து நடுமரத்துக்குச் சீழ்க்கையாக வந்தது. அங்கே கவைவால் அதை வாலிடம் சொன்னது. செங்கொண்டை அதைத் தட்டியது. நரியின் காதில் போய் விழுந்தது.

நரிக்கு மயிர் சிலிர்த்தது. "ஓசிப் பல்லனா? அந்த ஆட்டக்காரனிடம் சொல்! அழகு முதுகில் இருக்கிறது, அறிவு எங்கே இருக்கிறது? குனிந்து தன் காலைப் பார்த்துவிட்டுப் பேசச் சொல்!"

அதுவும் போனது. பதில் வந்தது. "நண்டு வளையில் வாலை விட்டுக் கடிபட்டவனா என்னைப் பேசுவது?"

"மேகத்தைக் கண்டால் ஆட்டம், மழை பெய்தால் நனைந்த கோழி! போய்ச் சொல்!"

"கோழி என்றா சொன்னாய்? கோழித் திருடா! உன் ஊளையைக் கேட்டுத்தான் நிலவே தேய்ந்து போகிறது!"

குரங்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டது. முள்ளம்பன்றி சிரித்ததில் இரண்டு முள் உதிர்ந்தன.

தாய்மான் மட்டும் சிரிக்கவில்லை. மரங்களின் நிழல் ஆற்றில் இறங்கியிருந்தது.

"ஐயா, உங்கள் வசவு போகிறது, வருகிறது. என் ஒரு செய்திக்கு மட்டும் வழி இல்லையா?" என்றது.

நரியின் காதில் அது ஏறவில்லை. நிலவு தேய்கிறது என்ற வசவுக்குப் பதிலடியாக ஒரு பெரிய வசவை அது வாயில் உருட்டிக்கொண்டிருந்தது. "ஆ, கிடைத்துவிட்டது! தட்டு!"

டொக், டொக்டொக் என்று ஆற்றுப் பக்கமிருந்து பதில் வந்தது. தட்டியது செங்கொண்டை.

"ஐயா, எல்லை தாண்டக் கூடாது என்பது தங்கள் கட்டளை. வேகத்தில் மறந்துவிட்டோம். இனி மறக்க மாட்டோம்."

"என்ன? மயில் பேசியதோடு முடிந்ததா? கடைசிச் சொல் அதனுடையதா?"

"கட்டளைப்படி அப்படித்தான் ஐயா."

நரி நின்ற இடத்திலேயே இரண்டு சுற்றுச் சுற்றியது. பதில் பேசாவிட்டால் அன்று இரவு அதற்குத் தூக்கம் வராது. "கட்டளையை எடுத்துவிட்டேன்! தாண்டட்டும்!"

"எடுத்துவிட்டீர்களா? அப்படியானால் வரிசைப்படிதான் போகும் ஐயா. முன்னால் தாய்மானின் செய்தி நிற்கிறது."

"போகட்டும், போகட்டும்! அதை அனுப்பிவிட்டு என்னுடையதை அனுப்பு!"

அதே நேரத்தில் கவைவால் மயிலுக்கு ஊதியது. "ஐயா, நரி தங்களைப் பற்றி ஏதோ பெரிதாகச் சொல்லப் போகிறதாம்."

மயிலின் கழுத்து நீண்டது. "என்னைப் பற்றியா? என் தோகையைப் பற்றியா, ஆட்டத்தைப் பற்றியா?"

"தெரியாது ஐயா. அது மானின் செய்திக்குப் பின்னால் நிற்கிறது. முன்னால் இருப்பது நகர்ந்தால்தான் பின்னால் இருப்பது வரும்."

மயிலால் பசியைப் பொறுக்க முடியும். தன்னைப் பற்றி யாரோ பேசியது என்னவென்று தெரியாமல் இருப்பதை மட்டும் பொறுக்க முடியாது.

"பிறகு ஏன் சும்மா உட்கார்ந்திருக்கிறாய்? மான் செய்தியை விடு! சீக்கிரம்!"

சீழ்க்கை பறந்தது. வேம்புக் கரிச்சான் இலுப்பைக் கரிச்சானுக்கு ஊதியது. இலுப்பைக் கரிச்சான் புல்வெளிக் கரிச்சானுக்கு ஊதியது. புல்வெளிக் கரிச்சான் குனிந்து பார்த்தது. புல்வெளி காலியாக இருந்தது.

அது மரத்தை விட்டு எழும்பித் துறையை நோக்கிப் பறந்துகொண்டே ஊதியது. "துறையில் முதலை! இறங்காதீர்கள்! துறையில் முதலை!"

மான்குட்டி ஒரு காலைத் தண்ணீரில் வைத்திருந்தது. பெரியம்மா மான் அதன் காதைப் பல்லால் கவ்வி மேட்டுக்கு இழுத்தது. அந்தக் கணமே தண்ணீர் பிளந்து, இரண்டு தாடைகள் வெறுங்காற்றைக் கடித்துச் சாத்தின.

"செய்தி போட்டுக் கெடுத்துவிட்டார்கள்" என்று முணுமுணுத்தபடி முதலை கீழ்மடுவுக்கே திரும்பியது.

பெரியம்மா மான் மயிலுக்கு ஒரு பழம் வைத்துப் பதில் அனுப்பியது. "குட்டி நலம். காது மட்டும் சிவந்திருக்கிறது. நாளை மேட்டுப்பாறை வழியாக வருகிறோம்."

அதைக் கேட்டதும் தாய்மான் புல்லில் உட்கார்ந்து, நெடுமூச்சு ஒன்று விட்டது.

குரங்கு சட்டென்று நரியின் முன் மூன்று பழங்களை வைத்தது. "நரி மாமா! அக்கரையில் என் மாமியார் இருக்கிறாள். அவளிடம் சொல்ல மூன்று செய்தி இருக்கிறது. மூன்றும் நல்ல செய்தி இல்லை!"

"அக்கரைக்கும் போகுமா? அப்படியானால் எனக்கும் ஒன்று. என் தம்பி அங்கே இருக்கிறான்" என்று முள்ளம்பன்றியும் ஒரு பழத்தை வைத்தது.

நரி பழங்களைப் பார்த்தது. அதன் வசவு இன்னும் அனுப்பப்படாமல் வாயிலேயே இருந்தது. நரி அதை விழுங்கிவிட்டு வேறொன்று சொன்னது.

"இப்படித் தட்டு: மயிலே, உன் தோகையில் நூறு கண் இருந்து என்ன? எதிர்க்கரையில் காத்திருக்கும் பழம் ஒன்றுகூட உனக்குத் தெரியவில்லை. எனக்கு இரண்டே கண். எனக்கும் இன்றுதான் தெரிந்தது. என் செய்தியை நீ சுமந்துகொள். உன் செய்தியை நான் சுமக்கிறேன். பொழுது அடங்கும்போது கழித்துப் பார்ப்போம். யார் அதிகம் அனுப்பினார்களோ, அவர்கள் அதிகத்துக்கு மட்டும் பழம் தரட்டும்."

மயில் அதைக் கேட்டது. மற்ற எதையும்விட 'நூறு கண்' என்ற சொல் அதற்குப் பிடித்திருந்தது. "சரி என்று சொல்" என்றது.

பொழுது அடங்கியது. கணக்கு நடுமரத்தில் பார்க்கப்பட்டது.

கிழக்கிலிருந்து மேற்கே போனவை: தாய்மானுடையது ஒன்று, நரியின் வசவு இரண்டு, நரியின் யோசனை ஒன்று, குரங்குடையது மூன்று, முள்ளம்பன்றியுடையது ஒன்று. ஆக எட்டு.

மேற்கிலிருந்து கிழக்கே வந்தவை: மயிலின் வசவு மூன்று, பெரியம்மா மானின் பதில் ஒன்று, மயிலின் 'சரி' ஒன்று. ஆக ஐந்து.

"வசவையுமா சேர்ப்பது?" என்று நரி கேட்டது.

"சுமந்தவர்களுக்கு எல்லாம் ஒரே கனம்தான் ஐயா" என்றது செங்கொண்டை.

கழித்தால் மூன்று. நரி மூன்று பழங்களைக் கொடுத்தனுப்பியது. மரங்கொத்திகள் அவற்றை நடுமரக் கிளையில் கொண்டுவந்து வைத்தன. "மூன்று பழத்துக்காக யார் தோகையை நனைத்துக்கொண்டு வருவது? மரத்தில் இருப்பவர்களே தின்னட்டும்" என்று மயில் சொல்லிவிட்டது.

செங்கொண்டை ஒன்று தின்றது. கவைவால் ஒன்று தின்றது.

"இது உனக்கு" என்று மூன்றாவதைச் செங்கொண்டை தள்ளியது.

"இல்லை அண்ணே, உனக்கு" என்று கவைவால் திருப்பித் தள்ளியது.

இருட்டும்வரை அது அங்குமிங்கும் உருண்டுகொண்டிருந்தது. பிறகு இரண்டும் தூங்கிவிட்டன. கிளையில் மீதி, ஒரு பழம்.

நீதி: அடுத்தவர் வழியோடு சேராத வழி, பாதி வழிதான்.