பொரியின் காது

ஆவுடையப்பன் மடத்துக்கு வந்தபோது ஒரு பெட்டியும் ஒரு நாயும் கொண்டுவந்தார். மனைவி செண்பகம் இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. நாய் அவள் வளர்த்தது. வெள்ளை உடம்பு, பழுப்புப் புள்ளிகள், தொங்கு காது. பொரி என்று பெயர் வைத்தவளும் அவள்தான்.

பொதிகை அடிவாரத்தில், ஆற்றை ஒட்டிய சின்ன மடம் அது. எட்டுப் பேர் இருந்தார்கள். எல்லோரும் அம்மா என்று அழைக்கும் வடிவாம்பாள்தான் அங்கே குரு. ஆவுடையப்பனைவிடப் பதினெட்டு வயது இளையவர். உபதேசம் கேட்க வந்தவர்கள் சிலர் ஏமாந்து திரும்பியதும் உண்டு. அவர் அதிகம் பேசமாட்டார்.

மழைக்காலம் தொடங்கியபோது பொரியிடமிருந்து ஒரு நாற்றம் வர ஆரம்பித்தது. காலைத் தியானத்தில் அது கூடத்து வாசலில் படுத்திருக்கும். காற்று திரும்பினால் உட்கார்ந்திருப்பவர்கள் மெல்ல நகர்வார்கள். யாரும் முகத்துக்கு நேராக எதுவும் சொல்லவில்லை. ஒருநாள் பொரி படுக்கும் சாக்கை யாரோ எடுத்து விறகுக் கொட்டகைக்குப் பக்கத்தில் போட்டிருந்தார்கள்.

ஆவுடையப்பனுக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. தாலுகா ஆபீஸில் முப்பது வருஷம் தலைமை எழுத்தராக இருந்தவர். தன்னால் இன்னொருவருக்குத் தொந்தரவு என்ற பேச்சே வந்ததில்லை.

நாயைக் குளிப்பாட்டினார். முதலில் வாரம் ஒருமுறை, பிறகு தினமும். வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீர், மஞ்சள், மருந்துக் கடையில் வாங்கிய ஷாம்பு, கடைசியில் தன்னுடைய பவுடர். ஒரு மணி நேரம் நன்றாக இருக்கும். பிறகு நாற்றம் திரும்பிவிடும். தலையில் தண்ணீர் விட்டால் பொரி உதறிக்கொண்டு திமிறும். தண்ணீர் என்றாலே அதற்குப் பிடிக்கவில்லை என்று நினைத்தார். கழுத்தை இறுகப் பிடித்துக்கொண்டு இன்னும் ஒரு வாளி ஊற்றினார்.

அதற்கும் தீராதபோது கொட்டகையிலேயே கட்டிப்போட்டார். பொரி குரைக்கவில்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துச் சுவரில் வைத்துக்கொண்டு படுத்திருந்தது.

மறுநாள் அம்மாவிடம் போய்க் கேட்டார்.

“இந்த நாத்தம் போக என்னம்மா செய்யணும்?”

அம்மா எழுந்து கொட்டகைக்குப் போனார். ஆவுடையப்பன் பின்னால் போனார். அம்மா மண்ணில் உட்கார்ந்து, பொரியைத் தன் பக்கம் இழுத்து, குனிந்து முகர்ந்தார். பாதங்களை. வயிற்றை. முதுகை. வாயைத் திறந்து பல்லை. வலது காதருகே வந்ததும் அவர் முகம் அங்கேயே நின்றது. காது மடலைத் தூக்கினார். உள்ளே சிவந்து வீங்கி, கறுப்பாகச் சீழ் கட்டியிருந்தது. அம்மாவின் விரல் பட்டதும் பொரி முனகியது. ஆனால் தலையை எடுக்கவில்லை.

“எத்தனை நாளா?” என்று கேட்டார் அம்மா.

“மூணு மாசமா.”

“எங்கேயிருந்து வருதுன்னு பார்த்தீங்களா?”

“இல்லம்மா. கிட்டப் போனா மூச்சைப் பிடிச்சுக்குவேன்.”

அம்மா காது மடலை மெதுவாக விட்டார். ஆட்டோ வரச் சொன்னார்.

அம்பாசமுத்திரத்தில் மாட்டாஸ்பத்திரி டாக்டர் இரண்டு காதையும் விளக்கு வைத்துப் பார்த்தார். குளிப்பாட்டும்போது காதில் பஞ்சு வைத்தீர்களா என்று விசாரித்தார். இல்லை என்றார் ஆவுடையப்பன். காதில் புண் இருந்திருக்கிறது, தினமும் விட்ட தண்ணீர் உள்ளே தங்கி அதை முற்றவிட்டிருக்கிறது என்று டாக்டர் விளக்கினார். குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. வலது காது இனிக் கேட்காது, இடது காதும் சந்தேகம்தான் என்றார். சுத்தம் செய்து முடித்துக் கையைக் கழுவிக்கொண்டே, “ரொம்ப வலிச்சிருக்கும். கடிக்காம இருந்ததே பெரிசு” என்றார்.

ஊசி போட்டு, காலையும் மாலையும் காதில் விடச் சொட்டு மருந்து கொடுத்தார்.

பத்து நாளில் நாற்றம் போய்விட்டது. பொரியின் சாக்கு கூடத்து வாசலுக்கே திரும்ப வந்தது. மடத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். ஒருவர் அதன் தலையைத் தடவிக்கூடக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் ஆவுடையப்பன் சோற்றுத் தட்டோடு வந்து பின்னாலிருந்து கூப்பிட்டார். பொரி திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டார். நான்கு முறை கூப்பிட்டார். தட்டைக் கீழே வைத்து முதுகைத் தொட்டார். அது பதறித் திரும்பி அவர் கையைக் கவ்வியது. அவர்தான் என்று தெரிந்ததும் விட்டுவிட்டு, கவ்விய இடத்தை நக்கியது.

அவர் நேராக அம்மாவிடம் போனார். அம்மா ஆற்றுப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். ஆவுடையப்பன் இரண்டு படி தள்ளி உட்கார்ந்தார். பிறகு சொன்னார்.

செண்பகத்துக்குக் கடைசி வருஷம் சர்க்கரையால் காலில் புண். ஆறவில்லை. அறை முழுக்க வாடை. அவர் தன் கட்டிலை வீட்டுக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டார். கட்டுப் போட ஒரு நர்ஸை ஏற்பாடு செய்தார். அறையில் சாம்பிராணி போடச் சொன்னார். ஒரு குறையும் வைக்கவில்லை என்று ஊரே பேசியது. அறை வாசலில் நின்றுதான் தினமும் என்ன வேண்டும் என்று கேட்பார். அவள் ஒன்றும் வேண்டாம் என்பாள். ஒருநாள் மட்டும், கொஞ்சம் உள்ளே வந்து உட்காருங்களேன் என்றாள். ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டார். அப்போது அவர் ஓய்வுபெற்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

“அவ சிரிச்சாம்மா” என்றார். “சரி, போயிட்டு வாங்கன்னா.”

ஆற்றில் யாரோ துணி துவைக்கும் சத்தம் கேட்டது.

“அவகிட்ட நான் இப்போ எப்படி மன்னிப்புக் கேட்கறது?”

“கேட்க முடியாது.”

ஆவுடையப்பன் முகத்தை மூடிக்கொண்டார்.

“அப்போ நான் என்னதான் செய்யறது?”

அம்மா படியிலிருந்து எழுந்தார்.

“பொரிக்குச் சாயங்கால மருந்து இன்னும் விடலை” என்றார்.