ஒற்றைப்பல் மந்திரவாதியும் மதுவில் வெந்த பேரிக்காயும்

ரொம்பக் காலத்துக்கு முன்னால், மந்திரவாதிகள் வீடு வீடாகப் போய்ச் சாப்பாடு கேட்டுத் தின்ற காலத்தில், கூதிர்மலை என்றொரு நாடு இருந்தது. அங்கே ஒரு ராஜாவும் இருந்தார், அரண்மனையும் இருந்தது. நம் கதைக்கு இரண்டும் வேண்டாம். மலைச்சரிவில் ஒரு பேரிக்காய்த் தோட்டம், அதில் மலையாண்டி, அவன் மனைவி பூவாயி, இவ்வளவு போதும்.

மலையாண்டி மரம் வளர்ப்பான், திராட்சை பிழிந்து மது வைப்பான். பூவாயி சமைப்பாள். ஆனால் ருசி பார்க்க மாட்டாள். அது அவள் குற்றமில்லை. விருந்தாளி வாய் வைக்கும் முன் சமைத்தவள் நாக்கில் ஒரு சொட்டுப் பட்டாலும் அது எச்சில் என்பது அந்த நாட்டு வழக்கம். எல்லோரும் வாசனையை வைத்தே உப்பும் இனிப்பும் போடுவார்கள். பாதி நாள் சரியாக இருக்கும். மீதி நாள் விருந்தாளிகள் மரியாதைக்கு விழுங்கிவிட்டுப் போவார்கள்.

இலைகள் மஞ்சளாகிற ஐப்பசியில் ஓங்காரன் என்ற மந்திரவாதி வந்து இனிப்புக் கேட்டான். அவனுக்கு வாயில் ஒரே ஒரு பல். அதைத் தினமும் சாம்பல் போட்டுத் துலக்கி, கண்ணாடியில் பார்த்துச் சந்தோஷப்படுவான். பூவாயி ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். பழம்தானே இனிப்பு என்று மலையாண்டி மரத்திலிருந்து ஒரு பேரிக்காயைப் பறித்துக் கொடுத்தான். அது கல். ஓங்காரன் கடித்தான். பல் பழத்திலேயே நின்றுவிட்டது.

பூவாயி குடத்தோடு திரும்பியபோது புருஷன் நின்ற இடத்தில் ஒரு பேரிக்காய் மரம் நின்றது. மந்திரவாதி கத்திய கத்தலில் சாபத்தின் ஒரு துளி தெறித்து அடுப்பிலிருந்த செப்புப் பானைமேல் விழுந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. நீங்கள் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் ஓங்காரன் காலில் விழுந்து அழுதாள். சாபம் போட்டவன் அதற்கு மாற்றும் சொல்லியாக வேண்டும், மந்திரவாதிகளின் சட்டம் அப்படி. ஓங்காரன் பொக்கை வாயால் சொன்னான்:

"இதே மாதிரிப் பழத்தை நான் பல்லில்லாமத் தின்னணும். பழம் முழுசா இருக்கணும். தின்னு முடிச்சு 'இன்னொண்ணு வை'னு என் வாயே கேக்கணும். எட்டு நாளைக்கு ஒரு தடவை, மூணு தடவை வருவேன். மரத்துல கடைசி இலை விழுந்துட்டா உன் புருஷன் என்னைக்கும் மரந்தான்."

முதல் தடவை பூவாயி பழங்களைத் தண்ணீரில் போட்டு, விறகை அள்ளி வைத்து எரித்து, அகப்பையால் கிண்டினாள். தளதளவென்று கொதித்துப் பழம் கூழாகிவிட்டது. பல்லில்லாமல் தின்னலாம், முழுசாக இல்லையே என்று சொல்லி ஓங்காரன் எழுந்து போனான். மரத்தில் பாதி இலை கொட்டியது.

இரண்டாம் தடவை அவள் யோசித்தாள். தண்ணீர் பழத்தின் ருசியை வாங்கிக்கொள்ளும், திருப்பிக் கொடுக்க அதனிடம் ஒன்றும் கிடையாது. ஆகவே கொட்டகையில் மலையாண்டி வைத்திருந்த ஜாடி மதுவை ஊற்றினாள். பட்டையும் கிராம்பும் போட்டாள். கிண்டவில்லை, கங்கிலேயே வேகவிட்டாள். பழம் முழுசாக, பூப்போல வெந்தது. ஓங்காரன் ஒரு வாய் வைத்தான், முகம் கோணியது. பல்லில்லாமல் தின்னலாம், முழுசாகவும் இருக்கிறது, ஆனால் இன்னொன்று எவன் கேட்பான் என்று துப்பிவிட்டுப் போனான். மரத்தில் பத்துப் பதினைந்து இலைதான் மிஞ்சியது.

பூவாயி அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். அப்போது பானை பேசியது.

"தாயி, அந்த மது புளிச்சுக் காடியாப் போச்சு. பட்டை வாசத்துல உனக்குத் தெரியல."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நீ ஆக்குற எல்லாத்தையும் மொதல்ல ருசி பாக்குறது நாந்தானே. யாரும் என்னைக் கேட்டதில்லை. ஒருத்தர் வாயில வைக்கிறதை நீ வச்சுப் பாக்காமக் கொடுக்குறது மரியாதையா, தாயி?"

பூவாயிக்குச் சுருக்கென்றது.

நல்ல மது வீட்டில் ஒரே ஒரு சின்ன ஜாடிதான் இருந்தது. கல்யாணத்தன்று மலையாண்டி மண்ணில் புதைத்தது. பத்தாம் வருஷம் இரண்டு பேருமாகத் திறப்பது என்று பேச்சு. ஒன்பதுதான் ஆகியிருந்தது. அவள் தோண்டி எடுத்து, தனியாகத் திறந்து, கொஞ்சம் அழுதாள். பிறகு வேலையைப் பார்த்தாள்.

ஜாடி மது இரண்டு பழம் முங்கத்தான் காணும். காம்பை விட்டுவிட்டுத் தோலை மட்டும் சீவினாள். மதுவில் மலைத்தேன், ஒரு துண்டுப் பட்டை, இரண்டு கிராம்பு, ஆரஞ்சுத் தோல் ஒரு கீற்று. பழம் மேலே மிதக்காமல் இருக்க வாழையிலையை வட்டமாக நறுக்கி மேலே அழுத்தினாள். கங்கைக் குறைத்தாள். கரண்டியில் ஒரு சொட்டு எடுத்தாள். நாக்கில் வைத்தாள். தேன் போதவில்லை. போட்டாள், மறுபடி வைத்துப் பார்த்தாள், சரியாக இருந்தது. ஈர்க்குச்சி பழத்துக்குள் தடையில்லாமல் இறங்கியதும் பழங்களை எடுத்துவிட்டு, மதுவைப் பாகாக வற்றவிட்டு, பழங்களைத் திரும்ப அதிலேயே போட்டு ஆறவைத்தாள். இரண்டும் செக்கச்செவேலென்று நின்றன.

ஓங்காரன் வந்தபோது மரத்தில் ஒரே ஒரு இலை. அவன் தட்டை மோந்து பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான்.

"எனக்கு முந்தி நீ ருசி பார்த்தியா?"

"பார்த்தேன் சாமி. பாக்காமக் கொடுத்துத்தான் ரெண்டு தடவை உங்க வாயைக் கெடுத்தேன்."

எச்சில் என்று எழுந்து போக அவனுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் அதற்குள் வாசனை மூக்கில் ஏறிவிட்டது. தின்றான். பழம் நாக்கிலேயே கரைந்தது. பாகை வழித்து நக்கினான், காம்பைச் சப்பினான், தட்டை ஒன்றுக்கு மூன்று தடவை பார்த்தான். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டான். வெளியே காற்று வந்தது, இலை ஆடியது.

"சாமி, உள்ள இன்னும் ஒண்ணு இருக்கு," என்றது பானை, தன் பாட்டுக்கு.

"இன்னொண்ணு வை," என்றது ஓங்காரனின் வாய்.

இலை விழுந்தது. ஆனால் அது விழுந்த இடத்தில் மரம் இல்லை. மலையாண்டி நின்றுகொண்டு, தலையிலிருந்த இலையைத் தட்டிவிட்டு, பசிக்கிறது என்றான்.

ஓங்காரன் தட்டை நீட்டியபடியே இருந்தான். பூவாயி பானையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அது அவருக்கு, சாமி."

ஒரே பழத்தைப் புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்குப் பாதியாகத் தின்றார்கள். ஜாடியை இரண்டு பேருமாகத் திறக்கிற பேச்சு அப்படித்தான் நிறைவேறியது. ஓங்காரன் பார்த்துக்கொண்டே இருந்தான், பாவம். அதன்பிறகு ஒவ்வொரு ஐப்பசியிலும் கேட்காமலே வந்து கூடை கூடையாகத் தோல் சீவிக் கொடுத்தான், கூலியாக ஒரு பழம் வாங்கிக்கொண்டான்.

கூதிர்மலையில் இன்றைக்கும் சமைத்தவர் ஒரு வாய் வைத்துப் பார்த்த பிறகுதான் விருந்தாளி கை நனைப்பார். பானையைக் கேட்டால் அதுவும் ஆமாம் என்னும்.