அம்மன் முகத்தில் உட்கார்ந்த பூனை

மிருகமும் மனுசரும் ஒரே பாஷை பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், பூனை வீட்டுப் பிராணி இல்லை. மலைப்பொந்தில் குடியிருக்கும். மனுச வாடையே அதற்கு ஆகாது.

எகிப்து தேசத்தில், நைல் நதிக்கரையில் ஒரு சுண்ணாம்புக்கல் மலை. அதைக் குடைந்து, பெண்சிங்க முகம் கொண்ட அம்மனுக்குக் கோயில் செய்யச் சொல்லிவிட்டார் ராஜா. மற்ற கோயிலென்றால் கல்லைக் கொண்டுவந்து அடுக்குவார்கள். குடைவரைக் கோயிலில் அந்த வேலையே கிடையாது. வேண்டாத கல்லை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது.

அங்கே கென்னா என்று ஒரு கல்தச்சன். உள்சுவரில் அம்மன் முகத்தைச் செதுக்கினவன் அவன்தான். வருஷக்கணக்கான வேலை, மீசைமயிர்கூடத் தனித்தனியாகத் தெரியும். நதியில் வெள்ளம் வந்ததும் ராஜா படகிலேயே வந்து கும்பிடுவார் என்று பேச்சு. அந்த முகத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் செதுக்கின கையை வெட்டிவிடுவேன் என்று மேஸ்திரி பசேர் முன்னமே சொல்லிவைத்திருந்தார்.

வெள்ளமும் வந்தது. மலையின் வெளிப்பக்கம் துருத்திக்கொண்டிருந்த ஒரு பாறை மட்டும் பாக்கி. அதில் ஒரு வெடிப்பு. கென்னா காய்ந்த மர ஆப்புகளை அதில் நெருக்கமாக அடித்து இறக்கி, தண்ணீர் ஊற்றினான். மரம் ஊறி உப்பினால் பாறை தானாகப் பிளந்துவிடும். ஆப்பு வைக்கும் முன்னால் வெடிப்புக்குள் ஒரு குச்சியை விட்டுக் கிளறுவது வழக்கம், உள்ளே ஏதாவது ஜீவன் இருந்தால் வெளியே போகட்டும் என்று. ராஜா வருகிற அவசரத்தில் அன்றைக்கு அவன் கிளறவில்லை.

இரை தேடப் போயிருந்த பூனை திரும்பி வந்து பார்த்தது. வாசலைக் காணோம்.

"கல்தச்சரே, உள்ளே என் குட்டிகள் இருக்கு," என்றது.

கென்னா தண்ணீர்க் குடத்தைக் கீழே போட்டான். ஆப்பைப் பிடித்து இழுத்தான். ஊறின மரம் அசையவில்லை. ஆப்பு இடுக்கு வழியாகக் குட்டிகள் தானாக வெளியே வராதா என்று கேட்டான். இன்னும் கண்ணே திறக்கவில்லை என்றது பூனை. பொந்து எதுவரைக்கும் போகிறது என்று கேட்டான். கோயில் சுவர் வரைக்கும், உங்கள் உளிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் பெற்றேன் என்றது. அவனுக்கு விளங்கிவிட்டது. பொந்தின் அந்தக் கோடியும் அம்மன் முகமும் ஒரே இடம். நடுவில் ஒரு சாண் கல்.

பாறைக்குள் ஒரு முனகல் கேட்டது, கல் விரியத் தொடங்கிவிட்டது.

"வேற வழி கிடையாதா?" என்றான்.

"இருந்தா உங்ககிட்ட வந்து ஏன் நிக்கிறேன்?" என்றது பூனை. கெஞ்சவில்லை. அவன் கையையே பார்த்தது.

கென்னா கோயிலுக்குள் ஓடினான். அம்மன் முகத்துக்கு நேரே ஒரு மூச்சு நேரம் நின்றான். அப்புறம் கனத்த சுத்தியலைத் தூக்கி, தான் செதுக்கின மூக்கின் மேலேயே போட்டான். அடிமேல் அடி விழ, சுவர் ஓட்டையானது. பூனை உள்ளே பாய்ந்து, குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விவந்து ஓட்டையின் விளிம்பில் போட்டது. கடைசிக் குட்டி வந்த கையோடு, வெளியே பாறை பிளந்து இறங்கியது.

சத்தம் கேட்டு மேஸ்திரி வந்தார். முகம் இல்லாத அம்மனைப் பார்த்தார்.

"நான்தான்," என்று கென்னா கையை நீட்டினான்.

அதற்குள் ராஜாவின் படகு துறைக்கு வந்துவிட்டது. மேஸ்திரிக்கு அப்போதுதான் உறைத்தது. ராஜா தச்சன் கையோடு விடமாட்டார், மேஸ்திரி தலையையும் சேர்த்துக் கேட்பார்.

ராஜா உள்ளே வந்தார். வாசல் வெளிச்சம் சுவரில் விழுந்தது. அம்மன் உடம்பு கல்லில் இருக்கிறது. முகம் இருக்கவேண்டிய இடத்தில், குட்டிகளை அணைத்துக்கொண்டு, கண் மினுங்க ஒரு பூனை.

"மகாராஜா, அம்மன்... அவளே வந்து உட்கார்ந்துட்டா," என்றார் மேஸ்திரி.

ராஜா பூனையைப் பார்த்தார். பூனையும் ராஜாவைப் பார்த்தது. அது கண்ணைத் தாழ்த்தவில்லை. ராஜாதான் தாழ்த்தினார், தரையில் விழுந்து கும்பிட்டார்.

மேஸ்திரி சொன்னது பொய் என்று கென்னாவுக்குத் தெரியும். ஆனாலும், இத்தனை காலம் தன் உளிக்கு வசப்படாத ஏதோ ஒன்று அந்தப் பூனை முகத்தில் இருந்ததை அவனும் பார்த்தான். அந்த ஓட்டையை அடைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அவனும் தொடவில்லை.

ராஜாவே விழுந்த பிறகு ஊரார் என்ன செய்வார்கள்? கதவைத் திறந்துவைத்துப் பூனையைக் கூப்பிட்டார்கள். அன்று தொட்டுத்தான் பூனை எந்த வீட்டுக்குள்ளும் யாரையும் கேட்காமல் நுழைகிறது. நாம் விரட்டினால் உடனே ஓடாமல், நின்று திரும்பி நம் கண்ணையே பார்க்கிறதே, அது பயந்து நிற்கவில்லை. நாம் கண்ணைத் தாழ்த்தட்டும் என்று காத்திருக்கிறது.