உலகை முடித்த கறையான்

கடம்பனூரை ஆண்ட இளவரையன் நல்ல அரசன்தான். கோபம் மட்டும் கொஞ்சம் அதிகம். அவன் கோபத்தில் எரிந்த வீடுகளைத் திரும்பக் கட்டிக் கொடுத்தே ஊரில் நாலு கொத்தனார் குடும்பங்கள் பிழைத்தன.

ஒருநாள் ஆவுடையான் என்ற கவிஞன் தன் நூலை அரங்கேற்ற அவைக்கு வந்தான். உலகம் அழிவதைப் பற்றிய நூல். மூன்று காண்டம். முதல் காண்டத்தில் மனிதரின் கோபம் தீயாக வருகிறது. பாதி உலகம் போகிறது. இரண்டாவதில் ஆசை கடலாகப் பொங்குகிறது. மீதியிலும் பெரும்பகுதி போகிறது. மூன்றாவதில் பொறாமை வருகிறது, கறையானாக. அதோடு உலகம் முடிந்தது.

அரங்கேற்றத்தில் யார் வேண்டுமானாலும் தடை சொல்லலாம். தலைமைப் புலவர் மகுடேசர் எழுந்தார். முந்நூறு நூல் செய்தவர். அதில் அரசன் எத்தனை கேட்டிருக்கிறான் என்பது வேறு விஷயம்.

"தீக்குத் தடையில்லை. கடலுக்கும் தடையில்லை. பெரியவர்கள் சொன்னதுதான். அதென்ன கறையான்? உலகம் முடிகிற நேரத்துக்கு ஒரு மரியாதை வேண்டாமா தம்பி?"

அவை சிரித்தது.

"தீ வந்தால் ஓடலாம் ஐயா. வெள்ளம் வந்தால் மேட்டில் ஏறலாம். கறையான் வந்தது யாருக்குத் தெரியும்?" என்றான் ஆவுடையான்.

மகுடேசர் அரசன் பக்கம் திரும்பினார். "பொருந்தாத உவமையைப் பாடினால் கேட்ட அரசனுக்குத் தீங்கு வரும். நான் சொல்லவில்லை, நூல்கள் சொல்கின்றன."

அரசன் முகம் சிவந்தது. "எட்டு நாள் தருகிறேன். பொறாமை கறையானாக வந்து ஓர் உலகத்தை முடிப்பதை என் கண்ணுக்குக் காட்டு. காட்டாவிட்டால் உன் வலது கட்டைவிரலை வைத்துவிட்டுப் போ."

அரசன் அருகில் வெற்றிலைப் பையோடு நின்ற வயிரவன் மெல்ல வாயைத் திறந்தான். வெற்றிலை மடித்துக் கொடுப்பது அவன் வேலை. கேட்காமலே யோசனை சொல்வது வழக்கம்.

"அரசே, ஏடு ஒரே பிரதி. இவன் கையில் இருந்தால் திருத்திவிடுவான். தடை சொன்னவரிடமே இருக்கட்டும்."

அரசனுக்கு அது நியாயமாகப் பட்டது. மகுடேசருக்கும் பட்டது.

வெளியே ஆவுடையான் வயிரவனைப் பிடித்துக்கொண்டான். "என் விரலைக் காப்பாற்றுவீர்கள் என்று பார்த்தால் ஏட்டையும் வாங்கிக் கொடுத்துவிட்டீர்களே."

"பாட்டெல்லாம் மனப்பாடமா?"

"எழுதியவனுக்கு மறக்குமா?"

"அப்படியானால் போய்ச் சாப்பிடு."

மறுநாள் வயிரவன் மகுடேசர் வீட்டுப் பக்கம் போனான். வெற்றிலை நீட்டினான். பேச்சோடு பேச்சாகச் சொன்னான்.

"காலையில் அரசர் குளிக்கும்போது அந்தக் கறையான் பாட்டை முணுமுணுத்தார்."

மகுடேசர் மெல்வதை நிறுத்தினார். "ஒரு தடவையா?"

"இரண்டு தடவை."

"என் பாட்டு எதையாவது முணுமுணுத்திருக்கிறாரா, வயிரவா?"

வயிரவன் நேர்மையாக யோசித்தான். "நான் கேட்டதில்லை, புலவரே."

எட்டாம் நாள் அவை கூடியது. மகுடேசர் ஒரு பட்டுத் துணியைப் பிரித்தார். உள்ளே ஏட்டின் மரச்சட்டங்கள் இரண்டு இருந்தன. நடுவில் செம்மண்ணும் ஓலைத் தூளும்.

"என்ன சொல்வேன் அரசே. என் வீட்டுப் பெட்டியில் வைத்திருந்தேன். கறையானைப் பாடியவன் ஏட்டைக் கறையானே தின்றுவிட்டது. ஏடு இல்லாமல் அரங்கேற்றம் இல்லை. விரலை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடலாம்."

அவை விழுந்து விழுந்து சிரித்தது. ஆவுடையான் தன் கட்டைவிரலை மறு கைக்குள் வைத்துக்கொண்டான்.

வயிரவன் சிரிக்கவில்லை. "புலவரே, உங்கள் முந்நூறு நூலும் அதே பெட்டியில்தானே?"

"ஆமாம்."

"அவற்றில் எத்தனை போயின?"

மகுடேசர் பட்டுத் துணியின் ஓரத்தைச் சரிசெய்தார். அரசன் பெட்டியைப் பார்த்துவர ஒரு காவலனை அனுப்பினான். அவன் திரும்பி வந்து சொன்னான்: "முந்நூறும் புதுசு போல இருக்கின்றன அரசே. யாரும் தொட்ட மாதிரியே இல்லை. பெட்டியில் ஒரு பொட்டு மண் கிடையாது. கொல்லையில் உள்ள கறையான் புற்றில்தான் யாரோ குழி தோண்டி மூடியிருக்கிறார்கள்."

வயிரவன் சொன்னான். "அரசே, தீ பக்கத்து வீட்டையும் எரிக்கும். வெள்ளம் யாரென்று பார்க்காது. வெறும் கறையானுக்கும் எழுத்து வாசனை தெரியாது. இந்தக் கறையான் முந்நூறு நூலை விட்டுவிட்டு, நல்ல நூல் எதுவென்று பார்த்து அதை மட்டும் தின்றிருக்கிறது. அந்த ஏட்டில் ஏழு கடல் இருந்தது, எட்டு மலை இருந்தது. நீங்கள் கொஞ்சம் கண்ணயர்ந்த எண்பத்து மூன்றாம் பாட்டில் நீங்களும் யானைமேல் இருந்தீர்கள்."

"நானுமா?"

"யானையையும் விடவில்லை அரசே. நீங்கள் கேட்ட உலகம் இதோ முடிந்து துணியில் இருக்கிறது."

மகுடேசர் தரையைப் பார்த்தார். அரசன் எழுந்தான். கண் சிவந்துவிட்டது.

"தீப்பந்தம் கொண்டு வாருங்கள். இந்த ஆள் வீட்டைக் கொளுத்துங்கள்."

வயிரவன் ஒரு வெற்றிலையை எடுத்து நிதானமாக நரம்பு கிள்ளினான்.

"அது முதல் காண்டம் அரசே. அதற்கு யாரும் தடை சொல்லவில்லை. நிரூபிக்க வேண்டியதில்லை."

அரசன் வயிரவனைப் பார்த்தான், வெற்றிலையைப் பார்த்தான், பிறகு உட்கார்ந்து சிரித்தான். கொத்தனார்களுக்கு மட்டும் அந்த மாதம் வேலை இல்லாமல் போனது.

வயிரவனுக்கு ஒரு பொன் வெற்றிலைப்பெட்டி கிடைத்தது. ஆவுடையானுக்கு விரல் மிஞ்சியது. மேலே ஒரு மோதிரமும் வந்தது. அவன் நூல் முழுவதையும் சொல்லச் சொல்ல மகுடேசர் தம் கையாலே எழுதித் தர வேண்டும் என்று தீர்ப்பானது.

மூன்றாம் காண்டம் வந்தபோது மகுடேசரின் எழுத்தாணி நின்றது.

"தம்பி, இந்தக் கறையானுக்குப் பதிலாக வேறு ஏதாவது போடலாமா?"

"எழுதுங்கள் ஐயா," என்றான் ஆவுடையான். "நான் கற்பனையில் பார்த்தது. நீங்கள்தான் கிட்டே இருந்து பார்த்தவர்."